நடுவானில் இன்ஜின் நின்றால் காப்பாற்றுவது எந்த 'விதி'?

2025 நவம்பர் 13-ம் தேதி, திருச்சி - புதுக்கோட்டை தேசிய நெடுஞ்சாலையில் கீரனூர் பக்கம் ஒரு சின்ன விமானம் அவசரமாக வந்து இறங்கியது. சேலத்திலிருந்து கிளம்பிய பயிற்சி விமானம் அது. உள்ளே இருந்தவர்கள் உயிர் தப்பினார்கள். கொஞ்ச நேரத்திலேயே வீடியோக்கள் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிட்டன.

இப்படிப்பட்ட வீடியோக்களுக்குக் கீழே வரும் கமென்ட்டுகளை இரண்டே ரகமாகப் பிரித்துவிடலாம். ஒன்று, 'பைலட் மாஸ்'. இன்னொன்று, 'எல்லாம் விதி, ஆயுசு கெட்டி'. இரண்டையும் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தமிழில் 'விதி' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருக்கிறது இல்லையா? ஒரு குட்டி விமானம் நடுவானில் சிக்கும்போது தலைவிதியைவிட அதிகம் வேலை செய்வது இரண்டாவது அர்த்தத்தில் வரும் விதிதான். யாரும் ஷேர் செய்யாத, படிக்கவே தூக்கம் வருகிற விமானப் போக்குவரத்து விதிமுறைகள். அவை எப்படி வேலை செய்கின்றன, மீறினால் என்ன ஆகிறது என்று பார்ப்போம்.

இன்ஜின் நின்றால் விமானம் கீழே விழுந்துவிடுமா?

விழாது. சினிமாவில் இன்ஜின் நின்ற அடுத்த நொடி விமானம் கல் மாதிரி கீழே போகும். நிஜத்தில் அப்படியில்லை. விமானத்தைத் தூக்கிப் பிடிப்பது இறக்கைகள். இறக்கையின் மேல் காற்று ஓடிக்கொண்டிருக்கும் வரை அது பறக்கும். இன்ஜினின் வேலை அந்த வேகத்தைத் தக்கவைப்பது. இன்ஜின் இல்லையென்றால், உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்து அந்த வேகத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். சைக்கிளில் மேட்டிலிருந்து பெடல் போடாமல் இறங்குகிற மாதிரி.

உலகம் முழுக்கப் பயிற்சிப் பள்ளிகளில் ஓடும் செஸ்னா 172 விமானத்தை எடுத்துக்கொள்வோம். இன்ஜின் இல்லாமல் ஒரு அடி கீழே இறங்குவதற்குள் அது சுமார் ஒன்பது அடி முன்னால் போகும். 3,000 அடி உயரத்தில் இன்ஜின் நின்றால், காற்று பெரிதாக எதிர்க்காத பட்சத்தில், சுமார் 8 கி.மீ. தூரம் மிதந்து போகலாம். கையில் இருக்கும் நேரம் ஏறத்தாழ நாலு நிமிடம்.

அதே சமயம், 500 அடியில் இன்ஜின் நின்றால்? ஒரு நிமிடம்கூட இல்லை. இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அந்த நாலு நிமிடத்தில் பைலட் என்ன செய்வார்?

பைலட்டுகளுக்கு முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொடுக்கப்படும் ஒரு வரிசை உண்டு. முதலில் விமானத்தை ஓட்டு, அப்புறம் எங்கே போவதென்று பார், அதற்கப்புறம்தான் பேச்சு. பதற்றத்தில் ரேடியோவைப் பிடித்துக் கத்துவதுதான் மனித இயல்பு. ஆனால் ரேடியோ விமானத்தைத் தாங்காது.

எனவே முதல் வேலை, அதிக தூரம் மிதக்க வைக்கும் வேகத்துக்கு விமானத்தைக் கொண்டுவருவது. செஸ்னா 172-ல் இது மணிக்கு சுமார் 120 கி.மீ. பயத்தில் மூக்கை மேலே தூக்கினால் வேகம் குறையும், இறக்கை தாங்குவதை நிறுத்திவிடும், அப்போதுதான் விமானம் உண்மையிலேயே விழும். அடுத்து, இறங்க ஓர் இடம்: வயல், திடல், காலியான சாலை. பிறகு இன்ஜினை மீண்டும் கிளப்பும் முயற்சி. எரிபொருள் வால்வு சரியான டேங்கில் இருக்கிறதா? கார்புரேட்டரில் பனி பிடித்திருக்குமா? ஆம், ஈரப்பதம் அதிகமாக இருந்தால், ஸ்வெட்டர் தேவைப்படாத நாளில்கூட கார்புரேட்டருக்குள் பனி உறையும். அதை உருக்க ஒரு தனி நெம்பு இருக்கிறது.

அதற்கப்புறம் ரேடியோவில் மூன்று முறை 'மேடே'. யாருடைய அலைவரிசையிலும் இல்லையென்றால் 121.5 மெகாஹெர்ட்ஸ். டிரான்ஸ்பாண்டரில் 7700 என்ற எண். அதைப் போட்டால் ரேடார் திரையில் 'இவருக்கு ஆபத்து' என்று தெரிந்துவிடும். கடைசியாக, தரை தொடும் முன் எரிபொருளையும் மின்சாரத்தையும் அணைத்து, கதவைத் திறந்து வைக்க வேண்டும். மோதலில் கதவு நசுங்கி மாட்டிக்கொள்ளக் கூடாது, தீப்பிடிக்கக் கூடாது என்பதற்காக.

மேலே இருந்து பார்த்தால் ரோடு ஓடுபாதை மாதிரியே தெரியும். ஆனால் குறுக்கே போகும் மின்கம்பிகள் கடைசி நொடி வரை கண்ணில் படாது. பஸ்ஸில் வருகிறவருக்குத் தலைக்கு மேல் ஒரு விமானம் இறங்குவதும் தெரியாது. அதனால் ரோட்டில் இறங்குவது எப்போதுமே பத்திரமான தேர்வு என்று நினைத்துவிட வேண்டாம்.

இதெல்லாம் அந்த நேரத்தில் யோசித்துச் செய்கிற விஷயங்கள் இல்லை. பயிற்றுநர் சும்மா பேசிக்கொண்டே இருந்துவிட்டு, திடீரென்று பவரைக் குறைத்து, 'இன்ஜின் போயிடுச்சு, எங்க இறக்கப் போற?' என்று கேட்பார். இப்படித் திரும்பத் திரும்பச் செய்து கைக்குப் பழகிய வேலை அது. லைசென்ஸ் வாங்க இந்தப் பயிற்சி கட்டாயம் என்று விதி சொல்வதால்தான், பிழைத்து வந்தவரை நாம் 'மாஸ்' என்று கொண்டாட முடிகிறது.

விதிகள் எங்கே வருகின்றன?

மேலே 3,000 அடி, 500 அடி என்று பார்த்தோம் அல்லவா? ஐ.நா.வின் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் சர்வதேச விதி இதைத்தான் பேசுகிறது. ஊர், நகரம், கூட்டம் கூடும் இடங்களுக்கு மேல் பறந்தால், அங்கிருக்கும் மிக உயரமான தடையைவிடக் குறைந்தது 1,000 அடி மேலே இருக்க வேண்டும். மற்ற இடங்களில் 500 அடி. நகரங்களுக்கு மேல் பறக்கும்போது இன்னொரு நிபந்தனையும் உண்டு: ஏதாவது அவசரம் வந்தால், கீழே இருப்பவர்களுக்கு ஆபத்து இல்லாமல் இறங்க முடிகிற உயரம் வேண்டும். அதாவது, இன்ஜின் நிற்கும் என்று நினைத்தே உயரத்தைத் தேர்ந்தெடு என்கிறது விதி. தாழப் பறந்து வீட்டு மொட்டை மாடிக்கு டாட்டா காட்டுகிறவர் விதியை மட்டும் உடைக்கவில்லை. தன் கையில் இருந்த நாலு நிமிடத்தையும் தூக்கிப் போடுகிறார்.

அடுத்தது எரிபொருள். அமெரிக்க விதிப்படி, பகலில் கண்ணால் வழி பார்த்துப் பறக்கும் விமானம், சேர வேண்டிய இடத்தை அடைந்த பிறகும் 30 நிமிடம் பறக்கத் தேவையான எரிபொருளோடுதான் கிளம்ப வேண்டும். இரவில் 45 நிமிடம். இதில் என்ன கஷ்டம், பெட்ரோல் போடுவதை யாராவது மறப்பார்களா என்று தோன்றும். அமெரிக்காவின் விபத்து விசாரணை அமைப்பான என்டிஎஸ்பி 2017-ல் வெளியிட்ட எச்சரிக்கையைப் பாருங்கள். 2011 முதல் 2015 வரை, எரிபொருளைச் சரியாகக் கையாளாததால் மட்டும் ஆண்டுக்குச் சராசரியாக 50-க்கும் மேற்பட்ட சிறு விமான விபத்துகள். அவற்றில் 95 சதவீதத்தில் பைலட்டின் தவறு இருந்தது. கருவிக் கோளாறின் பங்கு வெறும் 5 சதவீதம்.

இதில் இன்னொரு அதிர்ச்சி, அந்த பைலட்டுகளில் கிட்டத்தட்ட பாதிப் பேர் வணிக விமானி அளவிலோ அதற்கு மேலோ லைசென்ஸ் வைத்திருந்தவர்கள். கத்துக்குட்டிகள்தான் இப்படிச் செய்வார்கள் என்று சொல்ல முடியாது. அனுபவம் கூடக் கூட, 'இன்னும் கொஞ்ச தூரம்தானே, போய்ச் சேர்ந்துடலாம்' என்ற தைரியமும் கூடுகிறது. ரிசர்வில் ஓடும் பைக்கை பங்க் வரை தள்ளிக்கொண்டு போன எல்லோருக்கும் இந்தத் தைரியம் தெரியும். வானத்தில் தள்ளிக்கொண்டு போக முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஹாரிசன் ஃபோர்டுக்கு என்ன நடந்தது?

'இண்டியானா ஜோன்ஸ்' நடிகர் ஹாரிசன் ஃபோர்டு ஒரு பைலட்டும்கூட. 2015 மார்ச் 5-ம் தேதி, இரண்டாம் உலகப் போர் காலத்துப் பயிற்சி விமானம் ஒன்றை, கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகாவிலிருந்து கிளப்பினார். ஏறிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் செத்துப்போனது. ஓடுபாதைக்குத் திரும்பப் பார்த்தார். எட்டாது என்று தெரிந்ததும் பக்கத்தில் இருந்த கோல்ஃப் மைதானத்தில் இறக்கினார். மரத்தில் உரசி மோதி இறங்கியதில் அவருக்குப் பலத்த காயம். அப்போது வயது 72. கீழே இருந்த யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

விசாரணையில் தெரிந்தது இதுதான்: கார்புரேட்டருக்குள் எரிபொருளை அளந்து விடும் ஒரு சின்ன பாகம் காலப்போக்கில் மரை கழன்று நகர்ந்திருந்தது. அந்தப் பாகத்தை நீண்ட காலத்துக்கு எப்படிப் பராமரிப்பது என்று எந்தக் குறிப்பிலும் எழுதப்படவில்லை. இன்னொன்று, தோள் பெல்ட் சரியாகப் பொருத்தப்படவில்லை. காயம் பலமானதற்கு அதுவும் ஒரு காரணம்.

விதிகள் எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசித்து எழுதப்பட்டவை என்று யாரும் சொல்லவில்லை. ஓட்டை இருக்கும். அந்த ஓட்டை தெரிய வருவதே, ஒருவர் பிழைத்து வந்து, விமானத்தைப் பிரித்துப் பார்க்க விட்டு, நடந்ததை நடந்தபடி எழுதி வைப்பதால்தான். இன்றைய விமான விதிப்புத்தகத்தின் பல வரிகளுக்குப் பின்னால் இப்படி ஒரு உடைந்த விமானம் இருக்கிறது.

வெறும் பேப்பர் வேலையா?

'லைசென்ஸ் இருக்கு, ரினியூவல் மட்டும் பண்ணல' என்பது நம் ஊரில் டிராஃபிக் போலீஸிடம் சொல்லும் வசனம். அதே மனநிலை வானத்துக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்குக் கால்பந்து ரசிகர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஓர் உதாரணம் உண்டு.

2019 ஜனவரி 21-ம் தேதி. அர்ஜென்டினா வீரர் எமிலியானோ சாலா, வயது 28. பிரான்ஸின் நாந்த் அணியிலிருந்து கார்டிஃப் சிட்டிக்கு மாறியவர். நாந்திலிருந்து கார்டிஃபுக்கு இரவில், ஒற்றை இன்ஜின் கொண்ட பைப்பர் மாலிபு விமானத்தில் கிளம்பினார். ஆங்கிலக் கால்வாயில் அந்த விமானம் விழுந்தது. சாலாவும் பைலட்டும் உயிரிழந்தார்கள்.

பிரிட்டனின் விசாரணை அமைப்பு கண்டுபிடித்தவற்றை வரிசையாகப் படியுங்கள். பைலட்டிடம் இருந்தது தனியார் லைசென்ஸ். காசு வாங்கிப் பயணியை ஏற்றும் தகுதி அதில் கிடையாது. இரவில் பறக்கும் தகுதி இல்லை. அந்த விமானத்தை ஓட்டுவதற்கான தகுதி 2018 நவம்பரிலேயே காலாவதி. இன்ஜின் புகையிலிருந்து கார்பன் மோனாக்சைடு கேபினுக்குள் கசிந்திருந்தது. பைலட்டும் அதனால் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்றது அறிக்கை. சத்தம் போட்டு எச்சரிக்கும் ஒரு சின்ன டிடெக்டர் உள்ளே இல்லை. பயணத்தை ஏற்பாடு செய்தவருக்கு 2021 நவம்பரில் 18 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது.

தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் 'பேப்பர் வேலை' மாதிரிதான் தெரியும். இந்த விதிகளில் ஏதாவது ஒன்றை யாராவது கறாராகப் பிடித்திருந்தால், அன்று இரவு அந்த விமானம் அந்தப் பயணியோடு கிளம்பியே இருக்காது. அவசரத் தரையிறக்கம் என்ற கடைசி வாய்ப்பைப் பயன்படுத்தக்கூட விழிப்போடும் பயிற்சியோடும் ஒரு பைலட் வேண்டுமே!

விதியை மீறச் சொல்லும் விதி

விமானச் சட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஒன்று உண்டு. அமெரிக்க விதிமுறையில் 91.3 என்ற பிரிவு சொல்வது இதுதான்: உடனடி நடவடிக்கை தேவைப்படும் அவசரத்தில், அதைச் சமாளிக்க எவ்வளவு தேவையோ அவ்வளவுக்கு, பைலட் எந்த விதியை வேண்டுமானாலும் மீறலாம். நெடுஞ்சாலையில் இறங்கலாம், அனுமதியில்லாத பகுதிக்குள் நுழையலாம். பின்னர் அதிகாரிகள் கேட்டால் எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டும், அவ்வளவே.

எவ்வளவு பெரிய நம்பிக்கை பாருங்கள்! 'மேலே இருக்கிற உனக்குத்தான் நிலைமை தெரியும், முடிவை நீயே எடு' என்று அரசு ஒரு தனி மனிதரிடம் சொல்கிறது. அதற்குப் பதிலாக அது கேட்பது ஒன்றே ஒன்று: நேர்மை.

இந்த நம்பிக்கையை வியூஸுக்காக விற்றவர் ட்ரெவர் ஜேக்கப். ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கில் கலந்துகொண்டவர், யூடியூபர். 2021 நவம்பர் 24-ம் தேதி கலிஃபோர்னியாவில் ஒரு பழைய டெய்லர்கிராஃப்ட் விமானத்தில் கிளம்பினார். விமானத்தின் பல இடங்களில் கேமரா, முதுகில் பாராசூட். வழியில் 'இன்ஜின் நின்றுவிட்டது' என்று குதித்தார். ஆளில்லாத விமானம் வனப்பகுதியில் விழுந்தது. ஒரு மாதத்தில் வீடியோ யூடியூபில் வந்தது. அதில் ஒரு பர்ஸ் கம்பெனி விளம்பரமும் இருந்தது.

சந்தேகத்தை முதலில் கிளப்பியவர்களில் மற்ற பைலட்டுகளும் உண்டு. மேலே நாம் பார்த்த அந்த வரிசை அவர்களுக்கு மனப்பாடம் அல்லவா? அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏவும் அதையே சுட்டிக்காட்டியது. இன்ஜின் நின்றதாகச் சொல்வதற்கு முன்பே கதவைத் திறந்துவிட்டார். அவசர அலைவரிசையில் யாரையும் கூப்பிடவில்லை. இன்ஜினை மீண்டும் கிளப்பப் பார்க்கவில்லை. மிதந்து போய்ச் சேரும் தூரத்தில் இறங்க இடங்கள் இருந்தும் தேடவில்லை. 2022 ஏப்ரலில் லைசென்ஸ் பறிபோனது.

ஜெயிலுக்குப் போனது எதற்காக தெரியுமா? விமானம் விழுந்த இடம் தெரியாது என்று விசாரணையாளர்களிடம் பொய் சொல்லிவிட்டு, ஹெலிகாப்டரில் போய் உடைந்த பாகங்களைத் தூக்கி வந்து, வெட்டி அழித்ததற்காக. விசாரணைக்குத் தடை போட்ட அந்தக் குற்றத்துக்கு 2023 டிசம்பரில் ஆறு மாதச் சிறைத் தண்டனை. சரியான தண்டனை என்பதே என் கருத்து. ஏனென்றால் அவர் அழித்தது ஒரு பழைய விமானத்தை மட்டுமில்லை. ஒரு பைலட் 'இன்ஜின் நின்றுவிட்டது' என்று சொன்னால் கேள்வி கேட்காமல் வழிவிடும் அந்த நம்பிக்கையில்தான் கை வைத்தார்.

நம் ஊரில் என்ன நிலைமை?

இந்தியாவில் வணிக விமானி லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதற்குப் பல லட்சம் ரூபாய் செலவாகும். கடன் வாங்கி, நிலத்தை விற்றுப் பிள்ளையை அனுப்பும் குடும்பங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு மணி நேரமும் காசு. மேகம் வந்தால் பறக்க முடியாது, விமானம் பழுதுபார்க்கப் போனால் பறக்க முடியாது. அப்படிப்பட்ட சூழலில் 20 வயது மாணவர் ஒருவர், 'சார், இன்ஜின் சத்தம் ஒரு மாதிரி இருக்கு, நான் இன்னிக்குப் பறக்கல' என்று சொல்வது அவ்வளவு சுலபமா?

2023 அக்டோபரில், மகாராஷ்டிராவின் பாராமதி பகுதியில், ஒரே பயிற்சிப் பள்ளியின் இரண்டு விமானங்கள் நான்கு நாட்களுக்குள் விபத்துக்குள்ளாயின. அந்தப் பள்ளியின் பறப்புப் பயிற்சியை டிஜிசிஏ தற்காலிகமாக நிறுத்தியது. 2025-ல் பயிற்சிப் பள்ளிகளுக்குத் தர வரிசை கொடுக்கும் முறையை டிஜிசிஏ கொண்டுவந்தபோது, முதல் பட்டியலின் மேல் இரண்டு தரங்களில் எந்தப் பள்ளிக்கும் இடம் கிடைக்கவில்லை. தர வரிசை வந்தது நல்ல விஷயம். பெற்றோர்கள் பணம் கட்டும் முன் அதைப் பார்க்க வேண்டும். காலேஜ் சேர்க்கும்போது பிளேஸ்மென்ட் கேட்கிற மாதிரி, 'பராமரிப்புப் பதிவுகளைக் காட்டுங்க' என்று கேட்கலாம். தப்பே இல்லை.

இன்னொன்று விசாரணை. ஐகாவோவின் விதிப்படி விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பதுதான். யார் மேல் பழி என்று முடிவு செய்வது அதன் வேலை இல்லை. உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்தால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள் என்பதுதான் காரணம். பயிற்சிப் பள்ளிகளுக்குள்ளும் இந்த மனநிலை வர வேண்டும். 'பறக்கல' என்று சொல்லும் மாணவருக்குத் திட்டு விழுந்தால், மற்ற மாணவர்கள் அடுத்த முறை வாயைத் திறக்க மாட்டார்கள். சின்னக் கோளாறைச் சொன்னவரைப் பாராட்டும் பள்ளிதான் பெரிய கோளாறிலிருந்து தப்பிக்கும்.

தரையில் இருக்கும் நாம் என்ன செய்யலாம்?

உங்கள் ஊர் வயலிலோ ரோட்டிலோ ஒரு விமானம் இறங்கினால், முதலில் 112-க்கு போன் செய்யுங்கள். உள்ளே இருப்பவருக்கு உதவி தேவையென்றால் செய்யுங்கள், ஆனால் முன்பக்க விசிறிக்குப் பக்கத்தில் போகாதீர்கள். நின்றுபோன விசிறியும் சட்டென்று சுற்றலாம். இறக்கைக்குள் எரிபொருள் இருக்கும், எனவே பீடி, சிகரெட் பக்கத்திலேயே வேண்டாம். உடைந்த துண்டை ஞாபகார்த்தமாக எடுத்துப் போகாதீர்கள். ஹாரிசன் ஃபோர்டின் விமானத்தில் உண்மையைச் சொன்னது கார்புரேட்டருக்குள் இருந்த சின்னஞ்சிறு பாகம்; யாராவது அதை எடுத்துப் பாக்கெட்டில் போட்டிருந்தால் காரணமே தெரிந்திருக்காது. விசாரணை முடியும் முன் பைலட்டை ஹீரோவாகவோ வில்லனாகவோ ஆக்கவும் வேண்டாம்.

அவசரம் வரும்போது எல்லா விதியையும் மீறிக்கொள்ளலாம் என்று ஒரு பைலட்டுக்குச் சட்டம் உரிமை தருகிறது. அந்த உரிமை பலன் தர வேண்டுமென்றால், கையில் உயரம் இருக்க வேண்டும், டேங்கில் எரிபொருள் இருக்க வேண்டும், பெல்ட் சரியாக மாட்டியிருக்க வேண்டும், போன மாதப் பயிற்சி கைக்கு ஞாபகம் இருக்க வேண்டும். இதில் எதையும் இன்ஜின் நின்ற பிறகு சம்பாதிக்க முடியாது. எல்லாமே கிளம்பும் முன், யாரும் வீடியோ எடுக்காத நேரத்தில், ஒரு செக்லிஸ்ட்டை வரி வரியாகப் படித்து டிக் போடும்போது முடிவாகிவிடுகிற விஷயங்கள்.